கறையான் ஏறும் வழியால் ஏறும் வாயு: ரேடன் பற்றி ஓர் எளிய விளக்கம்

ஓமந்தைப் பக்கம் சின்னம்மாவின் மகன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறான். அத்திவாரம் எழும்பி, உள்ளே கிரவல் நிரப்பி, திமிசு போட்டு இறுக்கி, தரைக்குக் கொங்கிறீற் போட ஆயத்தமாக நின்ற நாளில் நான் அங்கே போயிருந்தேன். மேசன் ஐயா கறையானுக்கு மருந்து அடிக்காமல் தரை போட விடமாட்டேன் என்று நின்றார். "தரையும் சுவரும் சேருற இடத்தாலதான் தம்பி அது ஏறும். மயிர் அளவு வெடிப்புக் காணும்" என்று விரலால் அந்த மூலையைத் தொட்டுக் காட்டினார்.

எனக்கு அந்த மூலையில் கறையான் மட்டும் தெரியவில்லை. அதே வெடிப்பால், அதே மண்ணில் இருந்து இன்னொன்றும் வீட்டுக்குள் ஏறுகிறது. கறையான் புற்று வைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்காது. நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை. ரேடன் என்று பெயர். புகைத்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் இதுதான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வாழ்நாளில் சிகரெட்டைத் தொடாதவர்களை எடுத்தால் முதலாவது காரணமே இதுதான். இவ்வளவு பெரிய விடயத்தை எங்கள் ஊர்களில் யாரும் பேசுவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன். பயப்படுத்துவதற்காக அல்ல. அடுத்த வீட்டுக்குத் தரை போட முதல் ஒரு தடவை யோசிக்கவேண்டும் என்பதற்காக.

முதலில், இது எங்கிருந்து வருகிறது?

அணு உலையில் இருந்தா, குண்டில் இருந்தா என்று உடனே கேட்பார்கள். இரண்டும் இல்லை. இது பாறையில் இருந்து வருகிறது. பூமி உண்டான நாளில் இருந்தே பாறைகளில் யுரேனியம் மிகச் சிறிய அளவில் கலந்து கிடக்கிறது. ஒரு தொன் கருங்கல்லை எடுத்தால் அதற்குள் சில கிராம் இருக்கும். கருங்கல் உக்கி மண்ணாகும்போது அந்த மண்ணிலும் அது இருக்கும்.

யுரேனியம் நிலையாக இருக்கும் பொருள் அல்ல. அதன் அணுக்கள் ஒவ்வொன்றாகத் தாமாகவே உடைந்து வேறொரு பொருளாக மாறும். இதைத்தான் கதிர்த்தொழிற்பாடு என்கிறோம். இது மிக மெதுவாக நடக்கும். இன்றைக்கு இருக்கும் யுரேனியத்தில் பாதி உடைந்து தீருவதற்கு ஏறக்குறைய 450 கோடி ஆண்டு எடுக்கும். உடைந்து பிறக்கும் பிள்ளையும் உடையும், அதன் பிள்ளையும் உடையும். அப்படியே ஒரு பரம்பரை. அந்தப் பரம்பரையின் நடுவில் ரேடியம் வருகிறது. ரேடியத்தின் பிள்ளை ரேடன்.

இந்தப் பரம்பரையில் மற்ற எல்லாரும் திண்மங்கள். பிறந்த இடத்திலேயே, கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கிடந்து விடுவார்கள். ரேடன் ஒன்று மட்டும்தான் வாயு. அதனால் அது மட்டும் வீட்டை விட்டு வெளிக்கிட்டு, மண்ணின் இடுக்குகளுக்குள்ளால் நடந்து மேலே வருகிறது. போதாததற்கு, அது எதனோடும் சேர்ந்துகொள்ளாத வாயு. வழியில் எந்தப் பொருளும் அதைப் பிடித்து வைக்காது.

ரேடனின் ஆயுள் குறுகியது. ஆயிரம் அணுக்கள் இருந்தால் நாலு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஐந்நூறாகும், இன்னொரு நாலு நாளில் இருநூற்றைம்பதாகும். சரியாகச் சொன்னால் 3.8 நாள். இந்தக் கணக்கு முக்கியம். நாலு நிமிடத்தில் அழிந்துவிடுமானால் மண்ணை விட்டு வெளியே வருமுன்பே முடிந்திருக்கும், எங்களுக்குத் தொல்லை இல்லை. பல நூறு ஆண்டு இருக்குமானால் நாங்கள் மூச்சில் எடுத்து, மூச்சில் விட்டு, அது பாட்டுக்குப் போயிருக்கும். மூன்று நாலு நாள் என்பது மண்ணில் இருந்து ஏறி வீட்டுக்குள் வந்து சேரவும் போதும், வந்த இடத்தில் உடையவும் போதும்.

வன்னி மண்ணைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். நிலவியலாளர்கள் இலங்கையின் பழைய பாறைகளைப் பெரும் பிரிவுகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் ஒன்றின் பெயரே வன்னித் தொகுதி. எங்கள் வன்னியோடு நிற்காமல் தெற்கே வடமேல் மாகாணம் வரைக்கும் அது நீள்கிறது. 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, வெப்பத்திலும் அமுக்கத்திலும் வெந்து உருமாறிய பாறைகள். கருங்கல் வகையைச் சேர்ந்தவை அதில் நிறைய உண்டு. வவுனியாவில் கிணறு வெட்டியவர்களுக்கு இந்தப் பாறையைத் தெரியும். வெடி வைக்காமல் இறங்க முடியாது. வடக்கே பூநகரிப் பக்கமும் மேற்கே மன்னார்ப் பக்கமும் போனால் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வந்துவிடும். பொதுவாகக் கருங்கல் வகைப் பாறைகளில் யுரேனியம் கூடுதலாக இருக்கும். ஆனால் பாறையைப் பார்த்து வீட்டைத் தீர்மானிக்க முடியாது. பக்கத்துப் பக்கத்து வளவுகளில், ஒரே மேசன் கட்டிய இரண்டு வீடுகளில் ரேடனின் அளவு பல மடங்கு வேறுபடலாம். கீழே பாறையில் ஒரு பிளவு எங்கே ஓடுகிறது, மண் எவ்வளவு இறுக்கம், தரையில் எங்கே வெடிப்பு, யன்னல் எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது.

சரி, உள்ளே வந்தால் என்ன செய்யும்?

உண்மையில் ரேடன் என்ற வாயுவே பெரிய கெடுதலைச் செய்வதில்லை. மூச்சோடு போனது பெரும்பாலும் மூச்சோடு திரும்பிவிடும். கெடுதல் அதன் பிள்ளைகளால்தான். ரேடன் உடைந்தால் பொலோனியம் பிறக்கும். அது வாயு அல்ல, திண்மம். பிறந்தவுடன் காற்றில் இருக்கும் தூசியிலோ புகையிலோ ஒட்டிக்கொள்ளும். அந்தத் தூசியை நாங்கள் மூச்சில் எடுக்கும்போது அது நுரையீரலின் உட்சுவரில் போய் ஒட்டும். ஒட்டிய இடத்தில், சில நிமிடங்களில், அதுவும் உடையும். உடையும்போது அல்பாத் துணிக்கை என்று ஒன்றை வீசும். அல்பாத் துணிக்கைக்கு ஊடுருவும் பலம் இல்லை, ஒரு தாள் கடதாசியே அதை மறித்துவிடும். எங்கள் தோலின் மேற்பகுதியில் இருக்கும் செத்த கலங்களும் மறித்துவிடும். ஆனால் நுரையீரலுக்குள் அப்படி ஒரு கடதாசி இல்லை. வீசிய இடத்துக்குப் பக்கத்திலேயே உயிருள்ள கலங்கள். அந்தக் கலங்களின் மரபுப்பொருளை அது நேரடியாக உடைக்கும். பெரும்பாலான உடைவுகளை உடல் திருத்திவிடும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் திருத்தத் தவறிய ஒன்று புற்றுநோயாக வளரலாம்.

இதை முதலில் உடம்பால் அறிந்தவர்கள் சுரங்கத் தொழிலாளிகள். ஜேர்மனியின் ஷ்நீபெர்க்கிலும், இன்று செக் நாட்டில் இருக்கும் யாகிமோவிலும், சுரங்கத்துக்குள் வேலை செய்தவர்கள் இளவயதிலேயே நெஞ்சு நோயால் சாவதை 16ஆம் நூற்றாண்டிலேயே ஊர் கண்டுவிட்டது. 1879இல் இரண்டு மருத்துவர்கள் அது நுரையீரலில் வரும் கட்டி என்று கண்டறிந்தார்கள். ரேடன் என்ற வாயு கண்டுபிடிக்கப்பட்டதோ 1900ஆம் ஆண்டை ஒட்டித்தான். 1988இல் சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ரேடனை மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற முதலாம் பிரிவில் சேர்த்தது.

சுரங்கம் சரி, வீட்டில் எப்படி என்ற கேள்விக்கு ஒரு மனிதரின் கதை பதில் சொன்னது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிமெரிக் என்ற இடத்தில் அணுமின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை செய்த பொறியியலாளர் ஸ்ரான்லி வோட்றாஸ். 1984 டிசம்பரில் அவர் வாசலில் இருந்த கதிர்வீச்சுக் கருவியைக் கடக்கும்போதெல்லாம் அது அலறியது. உலை இன்னும் மின்சாரம் உற்பத்தி செய்யவே தொடங்கவில்லை. அதோடு, வேலை முடிந்து வெளியே போகும்போது மட்டுமல்ல, காலையில் உள்ளே வரும்போதே அலறியது. அப்படியானால் அவர் அதை வீட்டில் இருந்துதான் கொண்டு வந்திருக்கவேண்டும். வீட்டை அளந்தார்கள். ஒரு கன மீற்றர் காற்றில் ஏறத்தாழ 1,00,000 பெக்கரல் ரேடன். குடும்பத்தை வெளியேற்றி, வீட்டைத் திருத்தி, சில மாதங்களின் பின் திரும்பக் குடியேற்றினார்கள். அதன்பிறகுதான் சாதாரண வீடுகளை அளக்கும் பழக்கம் அங்கே பரவியது.

பெக்கரல் என்றால் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு செக்கனுக்கு ஓர் அணு உடைந்தால் அது ஒரு பெக்கரல். ஒரு கன மீற்றர் என்பது எங்கள் வீடுகளில் தூக்கி வைத்திருக்கும் ஆயிரம் லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி கொள்ளும் அளவு. அந்தத் தாங்கி அளவு காற்றுக்குள் செக்கனுக்கு நூறு ரேடன் அணுக்கள் உடைந்தால், கன மீற்றருக்கு 100 பெக்கரல். இந்த 100க்குக் கீழே வீடுகளை வைத்திருக்கப் பாருங்கள், முடியாத நாடுகள் கூட 300ஐத் தாண்ட விடாதீர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அமெரிக்காவில் 148ஐத் தொட்டால் வீட்டைத் திருத்தச் சொல்கிறார்கள். திறந்த வெளியில் பொதுவாக 5 முதல் 15 வரைதான் இருக்கும். உலகெங்கும் வீடுகளின் சராசரி 40 அளவில்.

இனி ஆபத்தின் அளவு. 2005இல் ஐரோப்பாவில் 13 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய கணக்கு வெளிவந்தது. நீண்டகாலச் சராசரி ஒவ்வொரு 100 பெக்கரல் கூடும்போதும் நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 16 சதவீதம் கூடுகிறது என்றது அது. சதவீதத்தை விட ஆட்கணக்கு விளங்கும். வாழ்நாளில் புகைக்காத ஆயிரம் பேரை எடுங்கள். ரேடனே இல்லாத வீட்டில் அவர்களில் 4 பேருக்கு 75 வயதுக்குள் நுரையீரல் புற்றுநோய் வரும். 100 பெக்கரல் வீட்டில் 5 பேருக்கு, 400 பெக்கரல் வீட்டில் 7 பேருக்கு. இப்போது புகைக்கும் ஆயிரம் பேர். ரேடன் இல்லாவிட்டாலே 100 பேர். 100 பெக்கரலில் 120. 400 பெக்கரலில் 160.

இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேடன் தனியே வந்தால் ஆயிரத்தில் மூன்று பேரைக் கூட்டுகிறது. புகையோடு சேர்ந்து வந்தால் அறுபது பேரைக் கூட்டுகிறது. வீட்டில் ஐயா சுருட்டுப் பிடிக்கிறார், மகன் சிகரெட் பிடிக்கிறான் என்றால், ரேடனைப் பற்றிக் கவலைப்படும் குடும்பம் முதலில் அணைக்கவேண்டியது அதைத்தான். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

இப்போது எங்கள் வீடுகளுக்கு வருவோம். நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். ரேடன் அதிகம் தொல்லை கொடுப்பது குளிர்நாடுகளில். அங்கே நிலத்துக்குக் கீழே அறை இருக்கும், குளிருக்காகக் கதவு யன்னல் எல்லாம் மாதக்கணக்கில் இறுக்க மூடியிருக்கும். உள்ளே சூடாக்கிய காற்று மேலே எழும்பிப் போக, அந்த இடத்தை நிரப்பக் கீழே மண்ணில் இருந்து காற்று உறிஞ்சப்படும். எங்கள் பழைய வீடுகளோ நேரெதிர். அரைச்சுவர் வைத்து, கிடுகு வேய்ந்து, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி விட்ட வீட்டுக்குள் காற்று கேட்டுக்கொண்டா வரும்? ஓட்டு வீட்டிலும் ஓட்டுக்கு ஓடு நடுவில் காற்றுப் போகும். அப்படிப்பட்ட வீட்டில் ரேடன் ஏறினாலும் தங்காது.

ஆனால் வீடுகள் மாறுகின்றன. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வன்னியில் எழும்பிய ஆயிரக்கணக்கான வீடுகள் சீமெந்துக் கல்லில், சிறிய அறைகளோடு எழும்பின. வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் காசு அனுப்பக் கட்டும் வீடுகளில் கண்ணாடி யன்னல், சீலிங், ஏசி எல்லாம் வந்துவிட்டன. யன்னலுக்கு மேலே துவாரம் வைத்த கற்கள் இருந்த இடத்தில் இப்போது வெறும் சுவர். இருக்கும் துவாரத்தையும் நுளம்பு வரும், பாம்பு வரும் என்று காட்போட் மட்டை வைத்து அடைத்துவிடுகிறோம். இரவில் யானைக்கும் கள்ளனுக்கும் பயந்து யன்னலை மூடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாம் சேரும்போது, பத்தடிக்குப் பன்னிரண்டு அடி அறைக்குள் நாலு பேர் விடியும்வரை அதே காற்றை மூச்செடுக்கிறார்கள். ரேடன் கூடும் நேரமும் அதுதான். இரவு முழுக்க ஏறி, விடியப்புறம் உச்சத்தில் நிற்கும். கதவைத் திறந்து முற்றம் கூட்ட வெளிக்கிட்டால் இறங்கத் தொடங்கும்.

சின்னம்மா இதைக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டா. "அப்ப பங்கருக்குள்ள கிடந்தமே, அது?" அந்தக் கேள்வி இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கு வரும் என்று தெரியும். ரேடனின் கெடுதல் ஆண்டுக்கணக்கில், பத்தாண்டுக் கணக்கில் சேர்ந்து வருவது. வாய் திறந்த குழிக்குள் இருந்த நாட்கள் அந்தக் கணக்கில் சிறிய பங்கு. அந்த நாட்களில் இருந்து சுமக்க எத்தனையோ இருக்கின்றன, இதையும் அதோடு சேர்த்துச் சுமக்கவேண்டாம்.

கிணற்றுக்குள் இறங்கி மயங்குவதும் ரேடனால் அல்ல. சேறு அள்ள இறங்கமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள் அல்லவா, அது ஒட்சிசன் போதுமா என்று பார்ப்பதற்கு. ரேடன் விளக்கை அணைக்காது, ஆளை மயக்காது, இருமலோ தலைச்சுற்றோ தராது. இரத்தம் சோதித்தும் பிடிக்க முடியாது.

தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். சிறுநீரக நோயால் தண்ணீர் என்றாலே பயந்துபோயிருக்கும் ஊர்கள் எங்களுடையவை. ரேடன் தாக்குவது நுரையீரலை, சிறுநீரகத்தை அல்ல. பாறைக்குள் ஆழமாக இறக்கிய குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் ரேடன் கரைந்து வரலாம். ஆனால் தண்ணீரில் இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வீட்டுக் காற்றின் அளவைக் கூட்டும். திறந்த கிணற்றில் அது தானாகவே காற்றோடு போய்விடும். தாங்கிக்கு ஏற்றிக் கொட்டும்போதும், கொதிக்க வைக்கும்போதும் வெளியேறிவிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் வீட்டில் இதைப் பற்றி மேலதிகமாக எதுவும் செய்யத் தேவையில்லை.

மணலில் மட்டும் ஓர் எச்சரிக்கை. புல்மோட்டையிலும் அதற்கு வடக்கே கொக்கிளாய்ப் பக்கத்துக் கரையிலும் கனிய மணல் இருக்கிறது. அதில் கலந்திருக்கும் மொனசைற் என்ற கனிமத்தில் தோரியம் உண்டு. தோரியத்தின் பரம்பரையிலும் ஒரு வாயு பிறக்கிறது. தோரன் என்பார்கள், ரேடனின் சகோதரம். அதன் அரை ஆயுள் ஒரு நிமிடத்துக்கும் குறைவு என்பதால் தூரம் போகாது. மண்ணுக்குள் ஆழத்தில் பிறந்தது மேலே வருமுன் தீர்ந்துவிடும். ஆனால் சுவர்ப் பூச்சிலேயே தோரியம் இருந்தால், பிறக்கும் இடமே எங்கள் அறை. கடற்கரையில் கறுப்புப் படிந்த மணல் சும்மா கிடைக்கிறது என்று அள்ளி வந்து சுவர் பூசக்கூடாது. உப்பும் சுவரைத் தின்னும், அது வேறு கதை.

அளப்பதற்கு வருவோம். கண்ணாலும் மூக்காலும் அறிய முடியாத ஒன்றுக்கு அளவைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் அளக்கும் கருவி நினைப்பதைவிட எளிமையானது. அதிகம் பாவிக்கப்படுவது தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்ரிக் டப்பி. அதற்கு மின்சாரம் வேண்டாம், பற்றரி வேண்டாம், சத்தமும் இல்லை. உள்ளே நகத்தளவு ஒரு பிளாஸ்ரிக் துண்டு இருக்கும், மூக்குக்கண்ணாடி வில்லை செய்யும் அதே பிளாஸ்ரிக். டப்பிக்குள் ரேடன் புகுந்து உடையும்போது அல்பாத் துணிக்கை அந்தத் துண்டில் மோதி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வடு விடும். மூன்று மாதம் அறையில் தொங்கவிட்டு ஆய்வுகூடத்துக்குக் கொடுத்தால், அங்கே அந்தத் துண்டைச் சூடான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போடுவார்கள். காரம் வடுக்களை அரித்துச் சிறு குழிகளாக்கும். நுணுக்குக்காட்டியில் வைத்துக் குழிகளை எண்ணி, இத்தனை நாள், இத்தனை குழி, ஆகவே இத்தனை பெக்கரல் என்று சொல்வார்கள். வயலில் காலடித் தடத்தை எண்ணி எத்தனை மாடு போனது என்று சொல்வது போன்ற வேலைதான்.

இன்னொரு வகை கரி டப்பி. கரி ரேடனை உறிஞ்சிப் பிடிக்கும். இரண்டு முதல் ஏழு நாளில் முடிவு கிடைக்கும், ஆனால் அந்த ஒரு வாரத்தின் கதையை மட்டும்தான் அது சொல்லும். மூன்றாவது, திரையில் எண் காட்டும் மின்னியல் கருவி. வெளிநாட்டில் இருந்து வருபவர்கள் கொண்டுவந்து தரக்கூடியது. அதில் ஒரு நாளைய எண்ணைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். வாரச் சராசரி, மாதச் சராசரி காட்டும், அதைப் பாருங்கள்.

எந்தக் காலத்தில் அளப்பது என்பது எங்கள் ஊரில் முக்கியம். வைகாசி முதல் சோளகம் அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் காற்று புகுந்து விளையாடும். அப்போது அளந்தால் எண் குறைவாகத்தான் வரும். மாரியில் மழைக்காகக் கதவு யன்னல் மூடியிருக்கும். முற்றத்து மண்ணின் இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பி அடைபட, மண்ணுக்குள் இருக்கும் வாயு வெளியேற ஒரே காய்ந்த வழியாக வீட்டின் அடித்தரை மட்டும் மிஞ்சும். ஆகவே மாரியும் உட்படும்படி அளப்பது நல்லது. புரட்டாதிக் கடைசியில் தொங்கவிட்டால் தைப்பொங்கலோடு கழற்றலாம். ஆண்டு முழுக்க விடமுடிந்தால் அதைவிடத் திறம்.

இடம்: ஆட்கள் படுக்கும் அறை. குசினி, குளியலறை வேண்டாம், நீராவியும் புகையும் கணக்கைக் குழப்பும். யன்னல் ஓரமும், மின்விசிறிக்கு நேரேயும், வெயில் படும் இடமும் வேண்டாம். படுக்கும் உயரத்தில் இருந்து நிற்கும் உயரம் வரை எங்கேயாவது, சுவரை ஒட்டாமல். வைத்தால் இடம் மாற்றக்கூடாது, பிள்ளைகள் எடுத்து விளையாடக்கூடாது. முக்கியமாக, அளக்கிறோம் என்பதற்காக வாழ்கிற விதத்தை மாற்றக்கூடாது. மூடிப் படுக்கும் வீடென்றால் மூடியே படுங்கள். இலங்கையில் கதிர்வீச்சு அளவீடுகளுக்கு உரிய அரச நிறுவனம் கொழும்பை அண்டிய ஒருகொடவத்தையில் இருக்கும் இலங்கை அணுசக்தி சபை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணுவிஞ்ஞானத் துறையும் இருக்கிறது. தனி ஆளாகக் கேட்பதைவிட ஒரு பாடசாலையோ கிராம அபிவிருத்திச் சங்கமோ கடிதம் எழுதிக் கேட்டால் வேலை எளிதாகும் என்பது என் எண்ணம். உயர்தர விஞ்ஞான மாணவர்களுக்கு இதைவிட நல்ல செயற்திட்டம் கிடைக்காது.

அளந்து கூட வந்தாலும், அளக்கவே வசதி இல்லாவிட்டாலும், செய்யக்கூடியவை உண்டு. காசு இல்லாத வேலை, அடைத்த துவாரத்தைத் திறப்பது. நுளம்புக்குப் பயமென்றால் மட்டைக்குப் பதிலாக நுளம்பு வலையை அடியுங்கள். அது காற்றை விடும், நுளம்பை விடாது. எதிரெதிராக இரண்டு யன்னலைத் திறந்தால்தான் காற்று ஓடும், ஒன்றை மட்டும் திறந்தால் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். விடிய எழும்பியவுடன் திறப்பது நல்ல பழக்கம், ஆனால் இரவு முழுக்கச் சேர்ந்ததை மூச்செடுத்த பிறகுதான் அது நடக்கிறது. கூரையோரமாக இரவிலும் திறந்திருக்கும் ஒரு வழி வேண்டும். அறையில் இருந்து காற்றை வெளியே இழுக்கும் விசிறி பூட்டுபவர்கள், வெளிக்காற்று உள்ளே வர ஒரு வழியையும் விடவேண்டும். இல்லாவிட்டால் அது தரையின் வெடிப்பால் மண்ணின் காற்றை இழுத்துவிடும்.

அடுத்தது அந்த வெடிப்புகள். வீட்டில் கறையானும் எறும்பும் எங்கெங்கே ஏறுகின்றன என்று ஒரு நாள் இருந்து பாருங்கள். தரையும் சுவரும் சேரும் கோடு, குளியலறைக் குழாய் தரையைத் துளைத்துப் போகும் இடம், தூண் அடி. அவற்றைச் சுரண்டித் துப்புரவாக்கி, சீமெந்துக் கலவையாலோ சிலிக்கனாலோ அடைக்கவேண்டும். கறையானுக்கும் நல்லது. ஆனால் அடைப்பதால் மட்டும் ரேடன் நிற்கும் என்று நம்பக்கூடாது. வாயுவுக்குக் கறையானைவிடச் சின்ன வழியும் போதும்.

உண்மையான தீர்வு தரைக்குக் கீழே. தரை போட முதல் செய்தால் செலவு மிகச் சிறிது. இறுக்கிய கிரவலுக்கு மேல் நாலு அங்குலத்துக்குக் கருங்கல் சல்லி பரப்பவேண்டும். சல்லிக் கற்களின் இடுக்கில் வாயு தாராளமாக ஓடும். அந்தச் சல்லிக்குள் பக்கமெல்லாம் துளை போட்ட நாலு அங்குல பிவிசி குழாய் ஒன்றைக் கிடத்தி, அதன் ஒரு முனையைச் சுவரோரமாகக் கூரைக்கு மேலே கொண்டுபோகவேண்டும். சல்லிக்கு மேலே தடித்த பொலித்தீன், பொருத்தில் ஓரடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி. அதற்கு மேலே கொங்கிறீற். மண்ணில் இருந்து வரும் வாயு பொலித்தீனில் முட்டி, சல்லிக்குள் பரவி, குழாயால் ஏறி வானத்துக்குப் போய்விடும். பின்னொரு நாள் அளந்து பார்த்து இது போதவில்லை என்று கண்டால், அந்தக் குழாயில் ஒரு சின்ன மின்விசிறியைப் பூட்டலாம். அது தரைக்குக் கீழே காற்றமுக்கத்தைக் குறைத்து இழுத்துக்கொண்டே இருக்கும். விசிறி பூட்டிய இந்த முறை சில வீடுகளில் ரேடனை 99 சதவீதம் வரை குறைத்திருக்கிறது. கட்டி முடிந்த வீட்டிலும் தரையில் ஒரு துளை போட்டு இதைச் செய்யலாம், ஆனால் ரைல்ஸ் உடைக்கவேண்டி வரும், மனம் வராது.

ஓமந்தையில் அன்றைக்கு மேசன் ஐயாவோடு இதைத்தான் நிலத்தில் தடியால் கீறிக் காட்டினேன். அவர் சல்லியை ஒத்துக்கொண்டார், நிலத்து ஈரமும் ஏறாது என்று அவருக்கே அதில் விருப்பம். பொலித்தீனுக்கும் தலையாட்டினார். குழாயைத்தான் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "வாய்க்கு வலை கட்டவேணும் தம்பி, இல்லாட்டி குளவி கூடு கட்டும்" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது தம்பியின் வீட்டுக் கூரைக்கு மேலே, ஓட்டில் இருந்து இரண்டடி உயரத்துக்கு, வாயில் கம்பிவலை கட்டிய ஒரு சாம்பல் நிறக் குழாய் நிற்கிறது. றோட்டால் போகிறவர்கள் என்ன குழாய் இது என்று கேட்கிறார்களாம். சின்னம்மா கூப்பிட்டு இருத்தி விளக்கம் சொல்கிறாவாம்.